வாளித் தண்ணீரும் ஐந்து மில்லி ஆம்பியரும்

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும், அங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் வழியாக அமெரிக்காவிலும், கிறிஸ்துமஸ் மரம் வைத்த வீடுகளில் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் இருக்கும். சில வீடுகளில் நீளக் குச்சியின் நுனியில் ஈரப் பஞ்சைக் கட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். வெட்டிச் சில நாளான ஊசியிலை மரம், உள்ளே பிசின், வெளியே சருகாகிக்கொண்டிருக்கும் இலை, கிளைக்குக் கிளை மெழுகுவத்தி. எல்லாவற்றையும் ஏற்றி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டி, பாட்டுப் பாடி, அரை மணிக்குள் அணைத்துவிடுவார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரின் கண் வாளியிலேயே இருக்கும்.

அந்த மெழுகுவத்தியைக் கிளையில் நிறுத்துவதே பெரும்பாடு. முதலில் மெழுகை உருக்கி ஒட்டினார்கள்; பிறகு ஊசியில் குத்தினார்கள். 1860களின் கடைசியில் அடியில் எடைக்குண்டு தொங்கும் தாங்கி வந்தது. பத்தாண்டு கழித்து, துணி உலர்த்தும் கிளிப் மாதிரிக் கிளையைக் கவ்விப் பிடிக்கும் தாங்கி வந்தது. தாங்கிகள் நன்றாகத்தான் இருந்தன. எரிந்தது மரம்.

இந்தப் பயத்துக்கு நடுவில்தான் எடிசனின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். 1882 டிசம்பர் 22 அன்று, எடிசன் மின்விளக்குக் கம்பெனியின் துணைத் தலைவர் எட்வர்ட் ஜான்சன், நியூயார்க் நகரத்துத் தன் வீட்டு முன்னறையில் ஒரு மரத்தை நிறுத்தினார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எண்பது சின்னஞ்சிறு பல்புகள். கையால் ஊதிச் செய்த கண்ணாடி. மரம் நிமிஷத்துக்கு ஆறு சுற்று தானாகச் சுழன்றது. நியூயார்க் பத்திரிகைகள் இதை விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட, டெட்ராய்ட் பத்திரிகைக்கு எழுதிய வில்லியம் கிராஃபட் என்ற நிருபர்தான் விரிவாக எழுதினார். விளம்பரம்தான், சந்தேகமில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எடிசன் விளக்குச் சரம் கட்டி, ரயிலில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார் என்றும் சொல்வார்கள். தீ இல்லாத வெளிச்சம் என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு.

ஆனால் மின்சாரமும் தீ வைக்கும். அதை முதலில் கவனித்தவர்கள் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள், ஏனென்றால் பணம் போவது அவர்களுக்கு. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி ஊரையே பகலாக்கும் அளவுக்கு விளக்குகளால் நிரம்பியிருந்தது. அந்த ஒயர்களையெல்லாம் பார்த்து ஆபத்து எவ்வளவு என்று சொல்ல, பாஸ்டனிலிருந்து வில்லியம் மெரில் என்ற இளம் மின் பொறியாளர் அழைக்கப்பட்டார். மறு வருஷமே அவர் சிகாகோவில் ஒரு சோதனைக்கூடம் தொடங்கினார். இடம், தீயணைப்பு ரோந்துப் படை நிலையம் ஒன்றின் மாடி. கருவிகளுக்குச் செலவு 350 டாலர். முதல் சோதனை, தீப்பிடிக்காத காப்புப் பொருள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தாளுக்கு. இன்று உலகெங்கும் சார்ஜரிலும் மிக்சியிலும் வட்டத்துக்குள் இரண்டு எழுத்தாகப் பார்க்கிறோமே, அந்த யு.எல். முத்திரை இப்படித்தான் பிறந்தது.

இந்தப் பிறப்புக் கதை பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர் எண்ணியது எரிந்த வீடுகளை. ஆகவே முதலில் வந்த விதிகள் எல்லாம் ஒயர் சூடாகாமல், பொறி பறக்காமல், சுவர் பற்றாமல் பார்த்துக்கொண்டன. ஒயரைத் தொட்ட ஆள் என்ன ஆவான் என்ற கேள்வி பல பத்தாண்டு வரிசையில் காத்திருந்தது.

தொடக்கத்தில் மின்விளக்கு மரம் பணக்கார விளையாட்டு. அதிபர் குரோவர் கிளீவ்லாந்து 1890களின் நடுவில் வெள்ளை மாளிகையில் வைத்த பிறகு நாகரிகமாகிவிட்டது, ஆனால் மரத்துக்கு ஒயர் இழுக்கத் தனியாக ஒயர்மேன் வர வேண்டும். ஒவ்வொரு ஹோல்டரையும் கையால் முறுக்கி இணைத்து, சோதித்து, பண்டிகை முடிந்ததும் அவரே வந்து அவிழ்ப்பார். 1903 வாக்கில் இணைத்துத் தயாராக வைத்த சரங்கள் கடைக்கு வந்தன. ஒரு சரத்தின் விலை பன்னிரண்டு டாலர். சாதாரணத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலி.

இதே காலத்தைச் சேர்ந்த கதை ஒன்று இன்றும் பத்திரிகைகளில் சுற்றுகிறது. 1917இல் நியூயார்க்கில் மெழுகுவத்தி மரத்தால் ஒரு தீ. அதைக் கேள்விப்பட்ட ஆல்பர்ட் சடாக்கா என்ற பதினைந்து வயதுப் பையன், வீட்டில் விற்ற அலங்காரப் பல்புகளை மரத்துக்குச் சரமாக்கலாம் என்று யோசனை சொன்னானாம். பண்டிகை விளக்கு பிறந்ததாம். அதற்குப் பதினான்கு வருஷம் முன்பே சரங்கள் கடையில் இருந்தன என்பதால் கண்டுபிடிப்புப் பட்டத்தை அந்தப் பையனுக்குக் கொடுக்க முடியாது. வியாபாரப் பட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிதறிக் கிடந்த சிறு கம்பெனிகளைச் சேர்த்துச் சடாக்கா சகோதரர்கள் 1926இல் உருவாக்கிய நோமா கம்பெனி, அடுத்த நாற்பது வருஷம் உலகத்திலேயே பெரிய பண்டிகை விளக்குக் கம்பெனியாக இருந்தது.

அந்தக் காலத்துச் சரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். துணி சுற்றிய ரப்பர் ஒயர். எட்டு ஹோல்டர். ஒவ்வொன்றிலும் 15 வோல்ட் பல்பு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில். எட்டுப் பதினைந்து நூற்றிருபது. அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்குக் கணக்குச் சரி. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் எட்டும் இருட்டு. எது போனது என்று தெரியாது. நல்ல பல்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோல்டராக மாட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் சுவிட்சைப் போட்டபடி. போன பல்பைக் கழற்றிய ஹோல்டரில் 15 வோல்ட்தானே இருக்கும் என்று தோன்றும். இருக்காது. தொடர் அறுந்துவிட்டால் அந்த இடைவெளியில் முழு 120 வோல்ட்டும் வந்து நிற்கும். விரலை விடும் குழந்தைக்குக் காத்திருப்பது அதுதான்.

நம் ஊர் சீரியல் செட்டும் இதே தத்துவம். நமக்கு 230 வோல்ட் என்பதால், ஆறு வோல்ட் பல்பாக இருந்தால் நாற்பதை ஒட்டிக் கோக்க வேண்டும். கழற்றிய ஹோல்டரில் நிற்பதும் 230. இதில் நம் சொந்தச் சேர்க்கை ஒன்று உண்டு. சரத்தின் முனையில் பிளக் இருக்காது. உரித்த இரண்டு ஒயரையும் சாக்கெட் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கிவிடுவார்கள். மார்கழிப் பனியில் ஊறிய மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், தீக்குச்சி பிடித்து நிறுத்திய 230 வோல்ட்.

விளக்கு வாசலைத் தாண்டியபோது கதை மாறியது. டென்வர் நகரில் 1914இல் படுக்கையில் கிடந்த ஒரு சிறுவனுக்காக, ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தில் சாயம் தோய்த்த பல்புகளைக் கட்டினார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1920இல் கலிஃபோர்னியாவின் ஆல்டடீனாவில் ஒரு தெரு முழுக்க விளக்கேற்றினார்கள். அங்கே சாலையின் இரு பக்கமும் நின்றவை இமயமலைத் தேவதாரு மரங்கள்; 1880களில் ஒரு நிலக்கிழார் விதை வாங்கி வளர்த்தவை. அந்தத் தெரு இன்றும் டிசம்பரில் ஒளிர்கிறது. அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலிலும் இருக்கிறது. 1923 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, அதிபர் கால்வின் கூலிட்ஜ் வாஷிங்டனில் ஒரு பொத்தானை அழுத்தினார். வெர்மான்ட்டிலிருந்து வந்த 48 அடி மரத்தில் சுமார் 2,500 பல்புகள் எரிந்தன. வீட்டுக்கு வெளியே விளக்குக் கட்டுவது தேசிய வழக்கமாக அதற்குமேல் என்ன வேண்டும்? மின்சாரம் விற்கும் கம்பெனிகளே தெருத் தெருவாக அலங்காரப் போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தன. யூனிட் ஓடினால் அவர்களுக்குத்தானே லாபம்.

மக்கள் வெளியே கட்டியதோ வீட்டுக்குள் கட்டுவதற்காகச் செய்த சரத்தை. மழைக்குச் சாயம் உரிந்தது. சூடான கண்ணாடிமேல் பனித்துளி விழுந்து விரிந்தது. வெயிலில் காய்ந்த ரப்பர் வெடித்து உள்ளே செம்பு எட்டிப் பார்த்தது. 1920களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் வெளிப்புறத்துக்கென்றே தனிச் சரங்களைக் கொண்டுவந்தது. பெரிய பல்பு, பெரிய ஹோல்டர், தொடருக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 120 வோல்ட். ஒன்று போனால் மற்றவை எரியும். பின்னாளில் ஹோல்டர் வாயில் பல்பின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமும் வந்தது. பல்பு தலைகீழாகத் தொங்கும்படி கட்டு, அப்போதுதான் தண்ணீர் உள்ளே தேங்காது என்பது அப்போதிருந்து சொல்லப்படும் அறிவுரை, இன்றைக்கும் செல்லும்.

ஒரு பிரச்சினை தீர, இன்னொன்று முளைத்தது. இந்தப் பெரிய பல்பு ஒன்று ஏழு வாட் என்றால், 25 பல்புச் சரம் 175 வாட். பத்துச் சரத்தை ஒன்றின் வாலில் ஒன்றாகச் செருகினால் 1,750 வாட். அமெரிக்க வீட்டில் 15 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று தாங்குவதே 1,800. அந்தப் பளு முழுவதும் முதல் சரத்தின் மெல்லிய ஒயர் வழியாகத்தான் போக வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ் சுவருக்குள் ஓடும் தடித்த ஒயருக்காக வைத்தது. சரத்தின் ஒயர் உருகும்போது அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இதனால்தான் பிற்காலச் சரங்களின் பிளக்கிலேயே, சின்னக் கதவு வைத்து, உள்ளே மூன்று அல்லது ஐந்து ஆம்பியர் ஃபியூஸை அடைத்தார்கள். எத்தனை சரத்தை இணைக்கலாம் என்று அட்டையில் அச்சடிக்கும் வழக்கமும் வந்தது. அந்த அட்டையைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஒயரைத் தொட்ட ஆள் என்ன ஆவான் என்ற அந்தப் பழைய கேள்விக்கு இப்போது வரலாம். பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் அதை நேரடியாகவே சோதித்தார். ஆட்களை அழைத்து, கையை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு செம்புக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். எந்த அளவில் விரல்கள் இறுகிக்கொண்டு கம்பியை விட முடியாமல் போகிறது? 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் இதற்குச் சம்மதிக்காது. அந்த எண்களோ இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

எண்களை ஃபியூஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபியூஸ் 15 ஆம்பியர் வரை அசையாது. மனிதனின் கை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே பூட்டிக்கொள்கிறது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று, விரிசல் விட்ட விளக்கு ஒயரைப் பிடித்தவரின் உடல் வழியாக ஓடும் மின்சாரம் எந்த ஃபியூஸையும் உருக்காது. ஆளை மட்டும் கொல்லும். ஃபியூஸ் வீட்டைக் காத்தது. ஆளைக் காக்க ஒன்றும் இல்லை.

டால்சியல் 1961இல் செய்த கருவியின் தந்திரம் எளிது. விளக்குக்குப் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். ஐந்து மில்லி ஆம்பியர் குறைந்து திரும்பினாலும், அது எங்கேயோ, யார் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடு. ஃபியூஸ் உருக வேண்டிய அளவில் இது மூவாயிரத்தில் ஒரு பங்கு. துண்டிக்க எடுக்கும் நேரம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. இதே தத்துவத்தைத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1950களிலேயே பயன்படுத்தியிருந்தார்கள். டால்சியலின் சாதனை, அரைக்கடத்திகளைக் கொண்டு அதைச் சுவர் சாக்கெட்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கியது. நம் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இதன் பங்காளி.

அமெரிக்க மின் விதிநூல், புது வீடுகளின் வெளிப்புற சாக்கெட்டுக்கு இந்தக் கருவியை 1973இல் கட்டாயமாக்கியது. மெரில் மாடியில் சோதனைக்கூடம் தொடங்கி அப்போது எழுபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்த அக்கறை ஆளுக்கு வர அவ்வளவு காலம்! கருவி வந்ததும் மக்கள் நன்றி சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. மழை பெய்தால் விளக்கு அணைந்துவிடுகிறது என்று புகார். இரண்டு சரம் சேரும் இடத்தில் தண்ணீர் புகுந்து, கசிவு ஐந்து மில்லி ஆம்பியரைத் தொட, கருவி தன் வேலையைச் செய்கிறது. உடனே இன்சுலேஷன் டேப்பை எடுத்து அந்த இணைப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். மழை நின்ற பிறகும் டிரிப் ஆகும். இணைப்பைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டி, சொட்டும் தண்ணீர் பிளக்கை எட்டாதபடி ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றினால் போதும்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1959 முதல் விஸ்கான்சினின் மானிட்டோவாக் ஊரில் ஒரு பாத்திரக் கம்பெனி பளபளக்கும் அலுமினியக் கிறிஸ்துமஸ் மரங்களைச் செய்து பத்து லட்சத்தை ஒட்டி விற்றது. மரத்தோடு வந்த எச்சரிக்கை: இதில் மின்விளக்குக் கட்டாதே. தகட்டு விளிம்பு ஒயரைக் கீறினால் மரமே மின்சாரம் பாயும் கம்பமாகிவிடும். அதற்காகத் தனியாக ஒரு சுழல் விளக்கு விற்றார்கள். தரையில் வைத்தால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாற்றி மாற்றி மரத்தின்மேல் வெளிச்சம் அடிக்கும். 1965இல் தொலைக்காட்சியில் வந்த சார்லி பிரவுன் கார்ட்டூன் இந்த மரங்களைக் கிண்டலடிக்க, மவுசு போனது.

அந்தப் பத்தாண்டில்தான் ஐரோப்பாவிலிருந்து அரிசிப் பல்புச் சரங்கள் வந்து சந்தையைப் பிடித்தன. இறக்குமதி வெள்ளத்தில் நோமாவும் சாய்ந்தது. ஐம்பது பல்பு, ஆளுக்கு இரண்டரை வோல்ட், மறுபடியும் தொடர். ஒன்று போனால் எல்லாம் போகும் பழைய வியாதிக்கு இந்த வகையில் ஒரு மருந்து உண்டு. பல்பின் உள்ளே, இழையைத் தாங்கும் இரண்டு கம்பிகளையும் சுற்றி, அடியில், முடியைப் போன்ற ஒரு கம்பிச் சுற்று. அதன்மேல் மெல்லிய ஆக்சைடு பூச்சு. இழை இருக்கும்வரை அது பேசாமல் இருக்கும். இழை அறுந்த கணம் முழு வோல்ட்டேஜும் அந்த இடத்தில் குவிய, பூச்சு உடைந்து கம்பி கடத்தத் தொடங்கும். மற்ற நாற்பத்தொன்பதும் எரியும். அழகான வேலை. ஆனால் போன பல்பை மாற்றாமல் விட்டால் அதன் இரண்டரை வோல்ட் மற்றவற்றின் தலையில் ஏறும். அவை இன்னும் சூடாகும், சீக்கிரம் போகும், மிச்சமுள்ளவை இன்னும் சூடாகும். சரத்தில் ஒரே ஒரு பல்பின் நுனியில் வெள்ளைப் பெயின்ட் இருந்தால், அது இந்தச் சங்கிலியை நிறுத்த வைத்த ஃபியூஸ் பல்பு. அழகுக்கென்று நினைத்து அதன் இடத்தில் வண்ணப் பல்பை மாட்டுபவர்கள் உண்டு.

யு.எல். முத்திரையும் இதற்குள் நிறம் பார்த்துப் பிரிந்துவிட்டது. சரத்தின் ஒயரில் பளபளக்கும் சிவப்பு முத்திரை இருந்தால் வீட்டுக்குள்ளும் வெளியேயும் கட்டலாம். பச்சை என்றால் உள்ளே மட்டும். பச்சை என்றாலே பத்திரம் என்று பழகிய கண்ணுக்கு இது குழப்பம்தான். மின் விதிநூல் இன்னொன்றும் சொல்கிறது: பண்டிகை விளக்குகள் தற்காலிகம், தொண்ணூறு நாள்தான் கணக்கு. வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் தொங்கவிட்டால் ஒயரின் காப்பு அதற்குத் தாங்காது.

எல்.இ.டி. வந்ததும் சூடு குறைந்தது. 1962இல் நிக் ஹோலன்யாக் சிவப்பைக் காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு 1993இல் ஷுஜி நகாமுரா வர வேண்டியிருந்தது. 2007இல் ராக்ஃபெல்லர் சென்டரின் மரத்தை எல்.இ.டி.க்கு மாற்றியபோது நாளொன்றுக்கு 3,510 யூனிட் இழுத்தது 1,297க்கு இறங்கியது. பல்பு உரசி மரம் கருகும் பயம் ஏறக்குறையப் போய்விட்டது. ஷாக் பயம் போகவில்லை. அடாப்டர் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்த சரம் வேறு. நேராகச் சுவரிலிருந்து இழுக்கும் மலிவுச் சரம் வேறு. இரண்டாவதில் எல்.இ.டி. கோத்திருந்தாலும் ஒயரில் ஓடுவது அதே பழைய வோல்ட்டேஜ்தான்.

2015இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், மூன்று விஷயம் இல்லாத பண்டிகைச் சரங்களைக் கணிசமான ஆபத்துள்ள பொருள் என்று அறிவித்து, துறைமுகத்திலேயே நிறுத்த வழி செய்தது. ஒயர் குறிப்பிட்ட தடிமனுக்குக் குறையக் கூடாது; இழுத்தால் ஹோல்டரிலிருந்து பிய்ந்து வரக் கூடாது; அதிக மின்சாரம் பாய்ந்தால் தடுக்க ஃபியூஸ் இருக்க வேண்டும். அதே ஆணையம் பண்டிகைக் காலத்தில் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், அலங்கார வேலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஏணியிலிருந்தோ கூரையிலிருந்தோ கீழே விழுந்தவர்கள். அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேலே போகும் மின்கம்பியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.